துல்லியமாக இசை கேட்க எந்த ஹெட்போன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆம்ப் (ஒலியை உயர்த்தும் கருவி), கேபிள், ஃபைல் வகை என்று கடைசியில் கேட்க வேண்டியதை முதலில் கேட்கிறார்கள். ஒலி சரியாக வருவது முதலில் மூன்று விஷயங்களைப் பொறுத்தது: ஹெட்போனின் ஒலிச் சமநிலை, அது உங்கள் தலையில் பொருந்தி உட்காருவது, கேட்கும் அறையின் அமைதி. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். சென்னையில் வீட்டில் உட்கார்ந்து, பதிவில் உள்ளதை உள்ளபடி கேட்க விரும்புகிறவர்களுக்கான பக்கம் இது. நடைப்பயிற்சிக்கும் போன் பேசவும் ஹெட்போன் தேடுகிறவர்களுக்கு இதில் அதிகம் இல்லை.

துல்லியமான ஹெட்போன் என்றால் பேஸ் குறைவாக இருக்குமா?

இருக்காது, இருக்கவும் கூடாது. பதிவில் கீழ் ஒலியும் (பேஸ்) மேல் ஒலியும் (ட்ரெபிள்) எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ அதே விகிதத்தில் காதுக்கு வர வேண்டும். பேஸ் மெலிந்து ட்ரெபிள் தூக்கலாக இருக்கும் ஹெட்போனை "என்ன தெளிவு!" என்று மெச்சுவது பரவலான பிழை. ஜால்ராவும் பாடகரின் "ஸ" ஓசையும் முன்னால் வந்து குத்தினால், பதிவில் இல்லாத ஒன்றை ஹெட்போன் சேர்க்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடம் பிரமிப்பாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் காது வலிக்கும்.

அப்படியானால் எந்த ஒலி எவ்வளவு உரக்க வருகிறது என்று காட்டும் வரைபடத்தில் நேர்கோடாக இருக்கும் ஹெட்போனை வாங்கினால் போதுமா?

ஸ்பீக்கருக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. ஹெட்போனுக்குப் பொருந்தாது. எதிரே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியை நம் காது மடலும் காதுக் குழாயும் சேர்ந்து 3,000 ஹெர்ட்ஸ் (ஒலி எவ்வளவு மேலே என்பதன் அளவு) சுற்றுவட்டாரத்தில் 10 டெசிபலுக்கு (சத்தத்தின் அளவு) மேலேகூட உயர்த்திவிடும். பிறந்ததிலிருந்து அப்படித்தான் கேட்டு வருகிறோம். ஹெட்போன் இந்த வழியில் பாதியைத் தாண்டி நேராகக் காதருகில் ஒலிக்கிறது. ஆகவே அந்த உயர்வை ஹெட்போனே கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாகக் கேட்கும்.

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை 2010-களில் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழுவினர் பலரை வைத்துச் சோதித்தார்கள். நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர் கேட்கும் விதத்துக்கு நெருக்கமான ஹெட்போனையே பெரும்பாலோர் விரும்பினார்கள். அதிலிருந்து வந்ததுதான் விமர்சனங்களில் நீங்கள் பார்க்கும் "ஹார்மன் டார்கெட்" கோடு. சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சற்றே மேடு, நடுவில் சமம், 3,000 ஹெர்ட்ஸில் ஒரு குன்று, அதற்கு மேல் மெல்லச் சரிவு. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேஸ் மேடு மட்டும் ஆளுக்கு ஆள் இரண்டு மூன்று டெசிபல் மாறும். ஆனால் நடுப்பகுதியில் இந்தக் கோட்டைவிட்டு 5 டெசிபல் விலகிய ஹெட்போன் துல்லியமானது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

வரைபடத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

200 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை உன்னிப்பாகப் பாருங்கள். குரல், வீணை, வயலின், நாதஸ்வரம் எல்லாவற்றின் உடலும் அங்கேதான் இருக்கிறது. 1,000 முதல் 2,000 வரை பள்ளம் விழுந்தால் குரல் பின்னால் போய்விடும். 200 முதல் 400 வரை வீங்கினால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பும். அகலமான மேடு பள்ளம் 2 டெசிபல் என்றாலும் கேட்கும். குறுகலான ஊசிப் பள்ளங்கள் பயமுறுத்தும் அளவுக்குக் கேட்பதில்லை.

8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வரைபடத்தை அப்படியே நம்ப வேண்டாம். இயர்போன்களை அளக்கும் 711 என்ற செயற்கைக் காதுக் கருவியில், பொருத்தும் ஆழத்தைப் பொறுத்து 8,000 ஹெர்ட்ஸ் அருகே ஓர் ஒத்ததிர்வு மேடு தோன்றும். உங்கள் காதில் அது வேறு இடத்தில் இருக்கும். இன்னொன்று: இருவேறு தளங்களின் வரைபடங்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. கருவி மாறினால் கோடும் மாறும். ஒரே இடத்தில் அளந்த இரண்டு மாடல்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஓப்பன்-பேக்கா, குளோஸ்டு-பேக்கா?

துல்லியம் மட்டுமே கணக்கு என்றால் ஓப்பன்-பேக், அதாவது கிண்ணத்தின் பின்புறம் திறந்த வகை; குளோஸ்டு-பேக்கில் அது மூடியிருக்கும். ஓப்பன்-பேக்கில் டிரைவரின் (ஒலி எழுப்பும் பாகம்) பின்பக்க ஒலி கிண்ணத்துக்குள் மோதித் திரும்பாமல் வெளியேறிவிடுகிறது. அதனால் நடுப்பகுதி சுத்தமாக இருக்கும், காதும் வேகாது.

சிக்கல் நம் ஊர் மின்விசிறி. ஓப்பன்-பேக் வெளிச் சத்தத்தைத் தடுக்காது. வேகத்தில் ஓடும் சீலிங் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் தம்புராவின் கடைசி இழையும் அறையின் எதிரொலியும் ஃபேன் சத்தத்தில் கரைந்துவிடும். காற்று நேராக ஹெட்போனின் வலைமேல் அடித்தால் படபடவென்று ஒரு கீழ் ஒலியும் சேரும். ஃபேனுக்கு நேர் கீழே இல்லாமல் சுவரோரம் நகர்ந்து, வேகத்தை இரண்டில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். ஏசி அறை இன்னும் நல்லது. தெருவைப் பார்த்த ஜன்னல், மேல்வீட்டுக் கிரைண்டர், பக்கத்தில் படிக்கும் பிள்ளை என்றால் குளோஸ்டு-பேக் தவிர வழியில்லை. உங்கள் இசையும் ஓப்பன்-பேக்கிலிருந்து கசியும், பக்கத்தில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார்.

குளோஸ்டு-பேக் எல்லாச் சத்தத்தையும் தடுக்கும் என்றும் எண்ண வேண்டாம். பேச்சு, ஹாரன் போன்றவை நன்றாகக் குறையும். பஸ் இன்ஜின், ஜெனரேட்டர் உறுமல் போன்ற 200 ஹெர்ட்ஸுக்குக் கீழான சத்தம் ஏறக்குறைய அப்படியே உள்ளே வரும்.

என் பட்ஜெட்டுக்கு எது?

விலை பண்டிகைக்குப் பண்டிகை மாறும், ஆகவே இவை உத்தேசமே.

சுமார் 2,000 ரூபாய்தான் என்றால் காதை முழுதாக மூடும் ஹெட்போனைத் தேடாதீர்கள். இந்த விலையில் துல்லியம் இயர்போனில்தான் கிடைக்கிறது. செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ, மூன்டிராப் சூ 2 இரண்டும் நல்ல சமநிலை உள்ளவை. பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கிய, பெயர் பெற்ற ஒயர்லெஸ் ஹெட்போன்கள் பலவற்றைவிட இவற்றில் குரல் இயல்பாக இருக்கும்.

8,000 முதல் 12,000 வரை: ஆடியோ-டெக்னிகா ஏடிஹெச்-எம்40எக்ஸ், சோனி எம்டிஆர்-7506. இரண்டும் குளோஸ்டு. 7506 மாடல் 1991-இலிருந்து ஸ்டுடியோக்களில் புழங்குவது. பதிவில் உள்ள க்ளிக், மூச்சு, எடிட் செய்த இடம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் மேல் ட்ரெபிள் சற்றுத் தூக்கல், சுருள் ஒயரைக் கழற்றவும் முடியாது. வேலைக்கு 7506, நிதானமாகக் கேட்க எம்40எக்ஸ். அதிகம் விற்கும் எம்50எக்ஸ் பேஸை ஏற்றிக் கொடுப்பது. பிடித்தால் வாங்கலாம், துல்லியத்துக்காக வாங்க வேண்டாம்.

15,000 முதல் 20,000 வரை: சென்ஹைசர் ஹெச்டி 560எஸ். ஓப்பன்-பேக், 120 ஓம் (மின்தடை அளவு), போனிலேயே ஓடும். ஒருவருக்கு ஒரே ஒரு ஹெட்போன் என்றால், அறையும் அமைதியாக இருந்தால், நம் தேர்வு இதுதான். மேல் நடுப்பகுதியில் சிறிது பளிச்சிடும், ஈக்யூவில் (ஈக்வலைசர், ஒலியின் பட்டைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) சரிசெய்யலாம்.

25,000-க்கு மேல்: ஹெச்டி 600. 1997-இல் வந்தது, இன்றும் குரலுக்கு இதை அளவுகோலாக வைத்துத்தான் மற்றவற்றைப் பேசுகிறார்கள். அடிமட்ட பேஸ் மட்டும் இறங்கிவிடும். எலக்ட்ரானிக் இசையும் இன்றைய திரையிசையின் சப்-பேஸும் முக்கியம் என்றால் ஏமாற்றம் தரும். பெட் (காதில் படும் மெத்தை) தேய்ந்தால் கிடைக்கும், கேபிள் போனால் கிடைக்கும், தலைப்பட்டையும் தனியாகக் கிடைக்கும். இருபது வருடம் ஓட்டலாம்.

பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கட்டுமானம் பிரமாதம், தலையில் பாரமே தெரியாது. ஆனால் 8,000 ஹெர்ட்ஸ் அருகே பெரிய மேடு. ஈக்யூ போடாமல் கஞ்சிராவின் உலோகத் தகடுகள் கிலுங்குவதைக் கேட்டால் பல் கூசும்.

கர்நாடக இசைக்கென்று தனியாக ஹெட்போன் உண்டா?

கிடையாது. சமநிலை சரியாக உள்ள ஹெட்போன் எல்லா இசைக்கும் சரிதான். ஆனால் ஹெட்போனைச் சோதிக்கக் கர்நாடக இசை அருமையான பொருள். அசல் ஒலி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும் என்பதே காரணம்.

தம்புராவில் தொடங்குங்கள். ஒரு கட்டை சுருதியில் மத்திய ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தர ஸட்ஜம் அதில் பாதி, சுமார் 65. ஐந்து கட்டையில் மத்திய ஸட்ஜம் 196. கீழே மந்தர ஸட்ஜம் தெளிவாக நிற்க வேண்டும். அதே நேரத்தில் தந்திக்கடியில் வைக்கும் ஜீவா நூல் எழுப்பும் மேல் ஸ்வரங்கள் தேனீ ரீங்காரமாகத் தொடர்ந்து இழைய வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் கேட்டால் சமநிலை கெட்டிருக்கிறது.

அடுத்தது மிருதங்கம். வலந்தலையின் (வலப்பக்கத் தோல்) நடுவில் பூசும் கருப்புச் சோறுதான் அதன் மேல் அதிர்வுகளை ஒழுங்கான மடங்குகளாக்கி, தோல் வாத்தியத்துக்குச் சுருதி தருகிறது. சி.வி. ராமன் 1920-இல் இதைப் பற்றி எழுதினார். நல்ல ஹெட்போனில் "தீம்" சொல்லின் சுருதியைத் தம்புராவோடு சேர்த்துப் பார்க்க முடியும். மோசமான ஹெட்போனில் அது வெறும் தட்டும் சத்தமாகிவிடும். தொப்பியில் (இடப்பக்கத் தோல்) கும்கி (கையை அழுத்தி இழுக்கும் ஒலி) வழுக்கிப் போவதைக் கேளுங்கள். ஒலி சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் திடீரென்று பெருத்தால் அங்கே பேஸ் மேடு இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. மார்கழி சீசனில் சபாவில் கேட்டதை அளவுகோலாக வைக்காதீர்கள். பெரும்பாலான சபாக்களில் நாம் கேட்பது மைக், மிக்ஸர், ஸ்பீக்கர் வழியாக வந்த ஒலி. மிருதங்கத்தின் பேஸை ஏற்றியிருப்பார்கள், வயலின் கீச்சிடும். மைக் இல்லாத வீட்டுக் கச்சேரி, பாட்டு வகுப்பில் பக்கத்தில் ஒலிக்கும் தம்புரா, கோயில் பிராகாரத்தில் தள்ளி நின்று கேட்ட நாதஸ்வரம் இவைதான் நம்பகமான நினைவுகள். தெரிந்தவர் குரலைத் தெளிவாகப் பதிந்து, அவர் எதிரே பேசும்போது ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை.

கடையில் கேட்டுப் பார்க்கப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். எப்படிச் சோதிப்பது?

போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு போங்கள்: நன்கு தெரிந்த மூன்று பாடல்கள் (ஒன்று பெண் குரல், ஒன்று தனி ஆவர்த்தனம், ஒன்று வாத்தியங்கள் நிறைந்த திரைப்பாடல்), மோனோவில் (இரு காதிலும் ஒரே ஒலி) பிங்க் நாய்ஸ் (மழை போன்ற இரைச்சல்), 40 ஹெர்ட்ஸ் சைன் (ஒரே சுருதியில் நிற்கும் ஒலி), 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஸ்வீப். கிளம்பும் முன் போனில் டால்பி அட்மாஸ், ஈக்வலைசர், "சவுண்ட் என்ஹான்ஸர்" எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பல போன்களில் இவை வாங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும், சோதனை முழுவதும் வீணாகும்.

முதலில் பிங்க் நாய்ஸ். ஒலி நெற்றி நடுவில் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடவலம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குறை ஹெட்போனிலோ போனிலோ, மாறாவிட்டால் காதில். அடுத்து 40 ஹெர்ட்ஸ். இரு கிண்ணங்களையும் விரலால் லேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் பெட் சரியாகப் படியவில்லை. பிறகு ஸ்வீப், குறைந்த ஒலியில். ஏதாவது ஓரிடத்தில் "ஜிர்ர்" என்று கேட்டால் டிரைவர் பழுதாக இருக்கலாம். ஆனால் அநேகமாக ஒரு தலைமுடி டிரைவர் மேல் உட்கார்ந்திருக்கும். பெட்டைக் கழற்றி எடுத்தால் போய்விடும்.

இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வையுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் "நல்லதாக" தோன்றும். விற்பனையாளர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

ரிச்சி தெருவில் வாங்கலாமா? போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேபிள், பின், அடாப்டர், பெட் போன்ற உதிரிகளுக்குச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவை விட்டால் வேறு இடம் இல்லை. 10,000 ரூபாய் ஹெட்போன் என்றால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., மாதம், ஆண்டு, நுகர்வோர் தொடர்பு விவரம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். சட்டமுறை எடையளவு விதிகள் அதைக் கோருகின்றன. ஸ்டிக்கர் இல்லை என்றால் அது ஒன்று போலி, இல்லையென்றால் வேறு வழியில் வந்த அசல். பின்னதற்கும் இந்தியாவில் வாரண்டி கிடைப்பது சந்தேகம்தான்.

ஜி.எஸ்.டி. எண் உள்ள பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். "பில் இல்லாமல் 18 சதவீதம் மிச்சம் சார்" என்பார்கள். வாரண்டி அந்த 18 சதவீதத்தோடு போய்விடும். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் ஹெட்போனில் உள்ளதும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். விலை மற்ற எல்லா இடத்தையும்விடப் பாதி என்றால் மேலே சோதிக்கவே வேண்டாம். கடைக்காரரோ ஆன்லைன் விற்பனையாளரோ கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.

இயர்போனில் துல்லியம் கிடைக்குமா?

கிடைக்கும், டிப் (காதுக்குள் போகும் மென்மையான முனை) சரியாக இருந்தால். கூடவே வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பாருங்கள். இரு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவது சகஜம். சரியான டிப்பில் காது அடைத்து உங்கள் குரலே உள்ளே கனமாகக் கேட்கும். பேஸ் இல்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை சின்ன டிப்பால் வருபவை.

சென்னையில் இயர்போனுக்கு ஒரு வியாதி உண்டு. திடீரென்று ஒரு பக்கம் ஒலி குறையும். டிரைவர் போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். முனையில் உள்ள வலையில் வியர்வை ஈரமோ காது அழுக்கோ அடைத்திருக்கும். டிப்பைக் கழற்றி, வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். பிறகு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். ஊசியால் குத்துவதும் தண்ணீர் விடுவதும் கூடாது.

ஆம்ப் தனியாக வாங்க வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெட்போனின் சென்சிடிவிட்டி (எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு ஒலி) ஒரு வோல்ட்டுக்கு எத்தனை டெசிபல் என்று வேண்டும். மில்லிவாட் கணக்கில் கொடுத்திருந்தால் 32 ஓமுக்கு 15, 80 ஓமுக்கு 11, 250 ஓமுக்கு 6, 300 ஓமுக்கு 5 கூட்டிக்கொள்ளுங்கள். எம்40எக்ஸ் 98 டெசிபல், 35 ஓம். வோல்ட் கணக்கில் சுமார் 113. ஒரு வோல்ட் கொடுக்கும் சாதாரண டைப்-சி டாங்கிளிலேயே (போனில் செருகும் சிறு அடாப்டர்) காது செவிடாகும் அளவுக்கு ஒலிக்கும். ஆம்ப் தேவையே இல்லை.

ஹெச்டி 600, 300 ஓம், ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபல். அதே டாங்கிளில் உச்சம் 97. கச்சேரிப் பதிவில் சராசரி ஒலி உச்சத்தைவிட 20 டெசிபல்வரை கீழே இருக்கும். அதாவது 77 சுற்றி. அமைதியான அறையில் பலருக்கு இதுவே போதும். ஒலி தாழ்ந்த பழைய வானொலிப் பதிவுகளுக்குப் போதாது. உச்சம் 110 வேண்டும் என்றால் சுமார் 4.5 வோல்ட், அதாவது 67 மில்லிவாட் தேவை. அதற்குச் சிறிய மேசை ஆம்ப் ஒன்று போதும்.

ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் (வெளியீட்டு மின்தடை), ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 32 ஓமுக்கு 4 ஓம். மீறினால், அதுவும் பல டிரைவர் உள்ள இயர்போன்களில், சமநிலையே மாறிவிடும். மற்றபடி ஒழுங்காகச் செய்த இரண்டு ஆம்ப்களுக்கிடையே, ஒலி அளவைச் சமமாக்கினால், வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

ஆப்பிளின் டைப்-சி டாங்கிளைச் சில ஆண்ட்ராய்டு போன்களில் போட்டால் ஒலி மிகத் தாழ்வாக வரும். டாங்கிளின் உள் ஒலி அளவைப் போன் முழுதாக ஏற்றாததே காரணம். வாங்கும் முன் உங்கள் போனில் செருகிப் பாருங்கள்.

லேப்டாப்பை சார்ஜ் போட்டால் "ம்ம்ம்" என்ற இரைச்சல் வருகிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குறை ஆம்ப்பில் இல்லை, எர்த்தில். எர்த் உள்ள மூன்று பின் பாயிண்ட்டுக்கு மாற்றுங்கள்.

ப்ளூடூத் ஹெட்போன் துல்லியமாக இருக்காதா?

கோடெக்கை (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) குறை சொல்வது வழக்கம். ஏஏசி, எல்டிஏசி மட்டுமல்ல, 328 கேபிபிஎஸ்ஸில் ஓடும் எஸ்பிசிகூட அவ்வளவு மோசமில்லை. உண்மைச் சிக்கல், தயாரிப்பாளர்கள் கடையில் எடுபட வேண்டும் என்று பேஸை வீங்க வைத்து அனுப்புவது. ஆப்பில் ஈக்யூ இருந்தால் பெருமளவு சரிசெய்யலாம். பேட்டரியின் ஆயுளோடு ஹெட்போன் ஆயுளும் முடிவது இன்னொரு குறை. மெட்ரோவிலும் மின்சார ரயிலிலும் நாய்ஸ் கேன்சலிங்குக்கு ஈடில்லை, அங்கே துல்லியம் பேசுவதில் பொருளும் இல்லை.

ஈக்யூ போடுவது இசையைக் கெடுப்பதில்லையா?

சுவைக்காக ஏற்றினால் கெடுக்கும். ஹெட்போனின் குறையை ஈடுகட்டினால் சரிசெய்யும். 20,000 ரூபாய் ஹெட்போனை 30,000-க்கு மாற்றுவதைவிட இந்த அரை மணி நேர வேலை அதிகம் தரும்.

ஈக்யூ போட விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட். பல மாடல்களுக்கான அமைப்புகள் உள்ள ஆட்டோஈக்யூ தொகுப்பில் உங்கள் மாடலின் அமைப்பை எடுத்து ஏற்றுங்கள். எந்தப் பட்டையை அதிகம் உயர்த்தியிருக்கிறதோ அந்த அளவுக்குப் ப்ரீஆம்ப்பை (மொத்த ஒலி அளவு) குறையுங்கள். பட்டை +6 என்றால் ப்ரீஆம்ப் −6. இதை மறந்தால் உச்சங்களில் ஒலி கிழியும். 8,000-க்கு மேல் உள்ள திருத்தங்களை நீக்கிவிடுங்கள், அவை உங்கள் காதுக்காகக் கணக்கிட்டவை அல்ல.

கையால் செய்யத் தொடக்கப் புள்ளிகள்: ஹெச்டி 600-க்கு 80 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழே முழுதையும் உயர்த்துவது) +4, க்யூ (பட்டையின் அகலத்தைக் காட்டும் எண்) 0.7. டிடி 990-க்கு 8,000 ஹெர்ட்ஸில் −6, க்யூ 3. பிறகு காதால் ஒன்றிரண்டு டெசிபல் மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து அணைத்துப் பாருங்கள், ஆனால் ஒலி அளவைச் சமமாக வைத்து.

ஃபிளாக் (தரம் குறையாத ஃபைல்), ஹை-ரெஸ் (சிடியைவிட நுணுக்கமான ஃபைல்) கட்டாயமா?

இல்லை. 320 கேபிபிஎஸ் எம்பி3-யையும் அதன் அசலையும் மறைத்து வைத்துக் கேட்டால் பிரித்துச் சொல்வது பெரும்பாலோருக்கு முடியாத காரியம். சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காதுக்குப் போதும். எந்தப் பிரதி என்பதுதான் முக்கியம். பழைய திரைப்பாடல்களில் ஹிஸ் சத்தத்தை அழிக்கிறேன் என்று வயலினின் மேல் ஒலியையும் சேர்த்து அழித்த ரீமாஸ்டர்கள் நிறைய. அதை எந்த ஃபிளாக்கும் திருப்பித் தராது.

பர்ன்-இன், வெள்ளிக் கேபிள்?

நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி மாறும் என்பதில் மாறுவது பெரும்பாலும் பெட் படிவதும் உங்கள் காது பழகுவதும். பிடிக்காத ஹெட்போனை "பர்ன்-இன் ஆகட்டும்" என்று வைத்திருந்து, திருப்பிக் கொடுக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். வெள்ளிக் கேபிளுக்குக் கொடுக்கும் பணத்தில் புதுப் பெட் வாங்குங்கள்.

கண்ணாடி போடுகிறேன். தோடு, ஜிமிக்கியும் இருக்கிறது. பரவாயில்லையா?

குளோஸ்டு-பேக்கில் பாதிக்கும். கண்ணாடியின் கால் பெட்டில் உண்டாக்கும் சின்ன இடைவெளி வழியே பேஸ் கசிந்துவிடும். ஏகேஜி கே371 நல்ல சமநிலை உள்ள மாடல்தான், ஆனால் இதில் மிகவும் படுத்தும். மெல்லிய கால் உள்ள பிரேம், தடித்த மென்மையான பெட் உதவும். ஓப்பன்-பேக்கில் இந்தப் பிரச்சினை குறைவு. ஜிமிக்கியைக் கழற்றிவிடுங்கள், அது கிண்ணத்தில் தட்டும் சத்தமே போதும் எரிச்சலுக்கு.

பெட் தோல் உதிர்கிறது. எப்படிப் பாதுகாப்பது?

செயற்கைத் தோல் ஈரப்பதத்தில் சிதையும் பொருள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மூன்று வருடத்தில் கருப்புச் செதில் உதிர்வது சாதாரணம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு போட்டால் இன்னும் சீக்கிரம். கேட்டு முடித்ததும் லேசாக ஈரமான துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், தோல் வெடிக்கும். வெல்வெட் வகைப் பெட்டைக் கழற்றி மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் ஒரு முழு நாள் காயவைக்கலாம்.

மழைக்காலத்தில் மூடி இறுகும் டப்பாவில் 50 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறினால் வெறும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். பாச்சை உருண்டை போட்ட அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள், அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்கரையை ஒட்டி இருப்பவர்களுக்கு ஜாக் கறுக்கும். மாதம் ஒரு முறை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் கரகரப்பு வராது.

தட்டையான பெட் அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. டிரைவர் காதுக்கு நெருங்குவதால் சமநிலையே மாறும். மாற்றும்போது அதே மாடலின் அசல் பெட்டையே போடுங்கள். தடிமனும் துணியும் மாறினால் ஒலி 3 டெசிபலுக்கு மேல்கூட மாறலாம்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5. குழந்தைகளுக்கு 75 டெசிபல். கேட்டு முடித்தபின் காதில் ரீங்காரம் இருந்தால் அளவு மீறிவிட்டது. ஒலியைக் குறைத்தால் பேஸும் மேல் ஒலியும் மெலிந்து தோன்றுவது காதின் இயல்பு, ஹெட்போனின் குறை அல்ல.

ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கிறது. சரிசெய்ய முடியுமா?

ஒயரை ஜாக் அருகில் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒலி போய் வந்தால் உடைப்பு அங்கேதான். பத்தில் எட்டு கேஸ் இப்படித்தான். கழற்றக்கூடிய கேபிள் என்றால் மாற்றினால் முடிந்தது. இல்லையென்றால் ஜாக்கிலிருந்து 3 செ.மீ. தள்ளி வெட்டி, புது 3.5 மி.மீ. ஜாக் சால்டர் செய்யலாம். முனை இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். சிவப்பு ஒயர் பெரும்பாலும் வலது, பச்சையோ நீலமோ இடது, செம்பு நிறம் கிரவுண்ட். முடி போன்ற அந்த ஒயர்களில் எனாமல் பூச்சு இருக்கும். சால்டரிங் அயர்ன் நுனியில் ஒரு சொட்டு ஈயம் வைத்து, அதற்குள் ஒயர் முனையைச் சில வினாடி பிடித்தால் பூச்சு எரிந்து ஈயம் ஒட்டும். பூச்சு போகாமல் ஒட்டினால் ஒலியே வராது, அல்லது ஒரு வாரத்தில் மறுபடி போய்விடும். ஒட்டி முடித்ததும் மோனோ பதிவு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். குரல் நடுவில் நின்றால் சரி. குரல் தலையைச் சுற்றிப் பரவி பேஸும் காணாமல் போனால் ஒரு பக்கத்தின் ஒயர் தலைகீழாகிவிட்டது. ஏறக்குறைய ஒலியே இல்லை என்றால் கிரவுண்ட் பிடிக்கவில்லை.